எழுவாய் யார்? வகுப்பறைத் தொழில்நுட்ப இலக்கைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர்கள் நிரப்பித் தரும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: "கற்பித்தலில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது குறித்த உங்கள் தனிப்பட்ட இலக்கு." முதன்முதலில் அதில் நான் எழுதியது, "ஸ்மார்ட் போர்டை வாரத்துக்கு மூன்று முறையாவது பயன்படுத்துவேன்." எழுதியபடியே செய்தேன். சில வாரங்களில் நான்கு முறைகூட ஆயிற்று. ஆண்டு முடிவில் இலக்கு நிறைவேறியது என்று குறித்துக் கொடுத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஜூனில் கை தூக்கிய அதே ஆறு பேர்தான் மார்ச்சிலும் கை தூக்கினார்கள். தசம எண்களில் தடுமாறியவர்கள் தடுமாறியபடியே அடுத்த வகுப்புக்குப் போனார்கள்.

பிறகு ஒருநாள் அந்த வாக்கியத்தை இலக்கண வகுப்பில் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்த்தேன். எழுவாய்: நான். செயப்படுபொருள்: ஸ்மார்ட் போர்டு. பயனிலை: பயன்படுத்துவேன். மாணவர் அதில் எங்கும் இல்லை. ஒரு வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டாவது ஓரமாக உள்ளே வந்திருக்கலாம், அதுவும் இல்லை. மாணவரே இல்லாத இலக்கு நிறைவேறியபோது மாணவரிடம் எதுவும் மாறாததில் வியக்க என்ன இருக்கிறது?

இப்படிப்பட்ட கட்டத்தை நிரப்பும்போது நம் முன்னால் உள்ள வழிகளைச் சுருக்கினால் ஐந்துதான் தேறும். ஒரு கருவியைக் கற்றுக்கொள்வது. ஆசிரியரின் திறன்களை நிலை நிலையாக வரிசைப்படுத்தும் ஏதாவதொரு திறன் சட்டகத்தில் ஒரு படி மேலே போவது. என் வேலை நேரத்தைக் குறைப்பது. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலைத் தீர்ப்பது. கருவியை மாணவர் கையில் கொடுத்து எதையாவது உருவாக்க வைப்பது. எல்லாமே நல்ல இலக்குகள்தான், எல்லாமே மோசமான இலக்குகளும்தான். யார், எப்போது, எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

கருவியைக் கற்பது

பெரும்பாலோர் எழுதுவது இதைத்தான். காரணமும் எளிது: எண்ணிவிடலாம். "இரண்டு செயலிகள் கற்றேன்", "பத்துப் பாடங்களுக்கு ஸ்லைடு தயாரித்தேன்" என்று எழுதினால் மேற்பார்வையாளருக்கும் திருப்தி. இலக்கு என்றாலே குறிப்பானதாக, அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று தொடங்கி ஐந்து நிபந்தனைகள் போடும் ஸ்மார்ட் (SMART) விதியும் இதற்குத் துணைக்கு வரும். அந்த விதியை 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதியது நிறுவன மேலாளர்களுக்காக. எல்லா இலக்கும் ஐந்து நிபந்தனைகளையும் நிறைவேற்றியாக வேண்டும் என்று அவரே கேட்கவில்லை. அளக்க முடிகிறது என்பதற்காக ஒன்றை இலக்காக்கும் பழக்கம் பின்னால் வந்தது.

கருவி இலக்குக்கு எதிரான பழைய வாதம் ஒன்று உண்டு. கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் சொன்னது: பாடத்தைச் சுமந்து வரும் ஊடகம் மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியைப் போன்றது; நம் உடம்பில் சத்து ஏறுவதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை. அவர் சுட்டிய இன்னொரு விஷயத்தை ஆசிரியர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புதிய ஊடகத்தைச் சோதித்த ஆய்வுகளில், நான்கு வாரத்துக்குக் குறைவாக நடந்தவற்றில் தெரிந்த பலன், எட்டு வாரத்தைத் தாண்டியவற்றில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. புதுமைக்காக எழும் உற்சாகம் அவ்வளவு காலம்தான் தாங்குகிறது. முதல் வாரத்தில் வகுப்பே ஆர்ப்பரித்த வினாடி வினாச் செயலி மூன்றாம் மாதத்தில் "மறுபடியும் அதுவா மிஸ்?" ஆகிவிடுவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்.

அதற்காகக் கருவி இலக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. புரொஜெக்டரை மடிக்கணினியுடன் இணைக்கவே பதற்றப்படும் ஆசிரியரிடம் "மாணவர் கற்றல் விளைவை உயர்த்துங்கள்" என்று சொல்வது, நீந்தத் தெரியாதவரிடம் அக்கரையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது மாதிரி. இலக்குகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் முடிவு பொதுவாக எல்லோருக்கும் தெரிந்ததே: "முடிந்ததைச் செய்" என்பதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு நல்ல பலன் தரும். அதன் பின்பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செய்யத் தெரியாத, சிக்கலான புது வேலையில் இறங்கும்போது விளைவை இலக்காக வைத்தால் தடுமாற்றமே மிஞ்சும். இதைச் செய்ய எத்தனை வழிகள் என்று கற்பதை இலக்காக வைப்பதுதான் அங்கே உதவும். ஆகவே புதியவருக்குக் கருவி இலக்கு சரி, ஒரு பருவத்துக்கு மட்டும். கருவியும் நீண்ட நாள் உழைப்பதாக இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்யக் கற்றவருக்கு அந்த உழைப்பு பணி ஓய்வுவரை பயன் தரும். இந்த ஆண்டு பிரபலமாக இருக்கும் விளையாட்டுச் செயலி அடுத்த ஆண்டு கட்டணம் கேட்கலாம், மூடப்படவும் செய்யலாம்.

சட்டகத்தில் ஏறுவது

இரண்டாம் வழி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். யுனெஸ்கோவின் ஆசிரியர் தகவல் தொழில்நுட்பத் திறன் சட்டகம் 2018-இல் மூன்றாம் பதிப்பாக வந்தது. 18 திறன்கள், மூன்று நிலைகள். ஐரோப்பிய ஆணையம் 2017-இல் வெளியிட்ட டிஜ்காம்ப்எடு சட்டகத்தில் 22 திறன்கள், மொழித் தேர்வுகளில் இருப்பதுபோல ஆறு நிலைகள். ரூபென் புவெண்டெதூரா முன்வைத்த சாமர் மாதிரியில் நான்கு படிகள்: பழையதற்குப் பதிலாக வைப்பது, பழையதைச் சற்று மேம்படுத்துவது, பணியை மாற்றியமைப்பது, முன்பு முடியாததைச் செய்வது.

தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக இவை நல்லவை. டிஜ்காம்ப்எடுவின் பட்டியலை நேர்மையாக ஒருமுறை நிரப்பிப் பார்த்தால், ஸ்லைடு தயாரிப்பதில் நாம் எங்கோ மேலேயும், மாணவர் தரவை வைத்துப் பாடத்தை மாற்றுவதில் தரையிலும் இருப்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. அந்த அரைமணி நேரம் வீணில்லை.

ஆனால் ஏணி என்று ஒன்றை வைத்தாலே ஏறத்தான் தோன்றும். சாமரின் நான்காம் படியில் நிற்க வேண்டும் என்பதற்காக, எளிதாகச் சொல்லி முடிக்க வேண்டிய ஒளிச்சேர்க்கைப் பாடத்தைக் காணொளி, மெய்நிகர் சுற்றுலா, இணையச் சந்திப்பு என்று மூன்று வாரம் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் படியிலேயே நின்றுவிடுவது சரியான முடிவாக இருக்கும் நாள்களும் உண்டு. பார்வை மங்கிய மாணவருக்கு வினாத்தாளைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டுவது வெறும் மாற்றீடுதான். அவருக்கோ அது தேர்வு எழுத முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள இடைவெளி.

இந்தக் கூட்டத்தில் ஏணி இல்லாத சட்டகம் ஒன்று இருக்கிறது. பாடப்பொருள் அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு என்ற மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பார்க்கச் சொல்லும் டீபேக். புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் இருவரும் 2006-இல் வெளியிட்டது. அது படி எதையும் காட்டுவதில்லை. இந்தப் பாடத்துக்கு, இந்த முறைக்கு, இந்தக் கருவி பொருந்துகிறதா என்று கேட்க வைக்கிறது. இலக்கு எழுதும் கட்டத்தில் போடத் தக்க வாக்கியம் அதிலிருந்து நேராகக் கிடைக்காது. ஆனால் எழுதிய வாக்கியத்தை உரசிப் பார்க்க அதைவிட நல்ல கல் எனக்குக் கிடைக்கவில்லை.

என் நேரத்தை மீட்பது

இதை வெளிப்படையாக எழுத ஆசிரியர்கள் கூச்சப்படுகிறார்கள். தன்னலமாகத் தெரியுமாம். களைத்துப்போன ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளின் நலனை யோசித்தால் அந்தக் கூச்சம் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். 40 பேர் வகுப்பு. ஒரு குறுந்தேர்வுத் தாளுக்கு 2 நிமிடம் என்றாலும் 80 நிமிடம். வாரம் ஒரு தேர்வு, மூன்று பிரிவு என்றால் 4 மணி நேரம். அதையே கூகுள் ஃபார்ம்ஸ் மாதிரியான இணையப் படிவத்தில் வைத்தால் திருத்தும் நேரம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் நல்ல வினாக்களோடு படிவத்தை முதல்முறை அமைக்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். ஒரே பிரிவு, ஒரே முறை என்றால் மிச்சம் அற்பம். அதே வினாக்கள் மூன்று பிரிவுக்கும், அடுத்த ஆண்டுக்கும், தேர்வுக்கு முந்தைய மீள்பார்வைக்கும் ஓடும்போதுதான் லாபம் தெரியத் தொடங்கும். நேர இலக்கு வைப்பவர் தனியாக வைக்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு சேர்ந்து வைத்து வினா வங்கியைப் பங்கிட்டுக்கொண்டால் முதல் மாதத்திலேயே பலன் வரும்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, தானாகத் திருத்தும் கருவி விடையைத்தான் பார்க்கும், வழிமுறையைப் பார்க்காது. கணக்கில் எந்த வரியில் வழுக்கியது என்பது நோட்டைப் புரட்டினால்தான் தெரியும். இரண்டாவது சற்று நுட்பமானது. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்துக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. அடுத்து செய்த வேலையில் முன்னேற்றம் கண்டது குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டையும் பெற்றவர்களுக்கு மதிப்பெண் கண்ணில் பட்டதுமே குறிப்பின் பலன் போய்விட்டது. தானாகத் திருத்தும் படிவமோ முதலில் நீட்டுவதே மதிப்பெண்ணைத்தான்! ஆகவே மதிப்பெண்ணை உடனே காட்டாமல் பிறகு வெளியிடும் அமைப்பு அந்தப் படிவத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் இருக்கிறது. முதலில் குறிப்பு, திருத்தி எழுத ஒரு வாய்ப்பு, பிறகு மதிப்பெண்.

செயற்கை நுண்ணறிவும் இந்த வழியில்தான் வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து "வினாத்தாளை அதுவே போட்டுவிடும்" என்ற பேச்சு ஓயவில்லை. போடத்தான் செய்கிறது. தசம எண்களில் ஐந்து பல்தேர்வு வினா கேட்டேன். நான்கு நன்றாக இருந்தன, ஐந்தாவதில் இரண்டு விடைகள் சரி. பார்க்காமல் அச்சிட்டிருந்தால் வகுப்பில் பதில் சொல்லியிருக்க வேண்டியது நான்தான், அது இல்லை. ஆசிரியர் வரைவு எழுத வைத்துக்கொள்வதற்கும் மாணவர் நேரடியாகப் பயன்படுத்துவதற்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பறையில் மாணவர் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்ற வரம்பை யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அந்தப் பெட்டியில் ஒட்டக் கூடாது என்பதை யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

நேர இலக்கு எழுதினால் மிச்சமான நேரம் எங்கே போகும் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். "திருத்தும் வேலையில் வாரம் இரண்டு மணி நேரம் குறைப்பேன்" என்று நிறுத்தினால் அந்த இரண்டு மணி நேரத்தை வேறொரு பதிவேடு வந்து விழுங்கிவிடும். "குறைத்து, அதில் ஒரு மணி நேரத்தைப் பின்தங்கிய எட்டுப் பேரோடு உட்காரச் செலவிடுவேன்" என்று முடித்தால் மாணவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஒரு சிக்கலைப் பிடித்துக்கொள்வது

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தச் சிக்கலும் ஆகாது. ஆண்டுதோறும் திரும்ப வருவதாக, நோட்டுகளில் கண்ணால் காணக்கூடியதாக, ஐந்தே நிமிடத்தில் எண்ணிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். "ஆர்வமின்மை" சரிவராது, அதை எப்படி எண்ணுவது? "தசம எண்ணில் இலக்கங்கள் அதிகமாக இருந்தால் எண் பெரிது என்று நினைப்பது" சரிவரும். 35 என்பது 4-ஐவிடப் பெரிது, ஆகவே 0.35 என்பது 0.4-ஐவிடப் பெரிது என்பார்கள். இதற்கு நேர்மாறாக, இலக்கம் குறைந்தால்தான் எண் பெரிது என்று நினைப்பவர்களும் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரிது அல்லவா, அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள் இவர்கள்.

இப்போது வகுப்பில் கேட்கிறோம்: 0.4, 0.35, 0.125 இவற்றில் எது பெரிது? முதல் வகையினர் 0.125 என்பார்கள், பிடித்துவிடலாம். இரண்டாம் வகையினர் 0.4 என்பார்கள். விடை சரி, காரணம் தவறு. நாமும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும்: 0.3, 0.45, 0.4, 0.275. சரியான விடை 0.45. நீளமே பெரிது என்பவர் 0.275-ஐத் தொடுவார். குட்டையே பெரிது என்பவர் 0.4-ஐத் தொடுவார். பின்னத்தின் பகுதி எண்ணோடு குழப்பிக்கொண்டு, சின்ன இலக்கம் என்றால் பெரிய மதிப்பு என்று நினைப்பவர் 0.3-க்குப் போவார். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு தனி நோய் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இவ்வளவு நேரம் தொழில்நுட்பமே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேள்வியைச் செதுக்குவது நம் வேலை. கருவி எங்கே வருகிறது என்றால், 40 பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, யார் எதைத் தேர்ந்தார் என்று ஒரு நிமிடத்தில் தெரிய வேண்டிய இடத்தில். கை தூக்கச் சொன்னால் பக்கத்து மேசையைப் பார்த்துத் தூக்குவார்கள். மாணவர் கையில் கருவி எதுவுமே வேண்டாம் என்றால் பிளிக்கர்ஸ் போன்ற அட்டை முறை இருக்கிறது: ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, அதை எந்தப் பக்கம் மேலாகத் திருப்பிப் பிடிக்கிறார் என்பதே விடை, ஆசிரியரின் ஒரே ஒரு கைபேசி கேமரா வகுப்பு முழுவதையும் படித்துவிடும். பக்கத்தில் இருப்பவரின் விடையும் எளிதில் தெரியாது. எல்லா அட்டையும் வேறு வேறு கோலம்.

விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறை நல்ல விதி தருகிறது. சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்துங்கள். 70-க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால் நீங்கள் வாய் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பேசச் சொல்லிவிட்டு, மறுபடி வாக்கெடுங்கள். 0.45 என்று சொன்ன பெண் 0.275 என்று சொன்ன பையனிடம் "நூற்றில் எத்தனை பங்குன்னு பாரு" என்று சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தில் நடக்கும் பாடத்தை நான் எத்தனை முறை நடத்தினாலும் ஈடாகாது.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். நதானியல் லாஸ்ரி 2008-இல் இதே முறையை இரண்டு விதமாகச் செய்து ஒப்பிட்டார்: ஒரு வகுப்பில் மின்னணுப் பொத்தான், மற்றதில் சாதாரணக் காகித அட்டை. கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியானால் கருவி எதற்கு? பதிவுக்கு. காகித அட்டையை உயர்த்திப் பிடித்தால் அந்த நொடியில் தெரியும், அடுத்த நொடியில் மறைந்துவிடும். போன வாரம் 0.275 சொன்ன பதினோரு பேரில் இந்த வாரமும் அங்கேயே நிற்பவர் யார் என்பது கருவியில்தான் தங்கும். அந்தப் பதிவை நான் திறந்தே பார்ப்பதில்லை என்றால் காகித அட்டையே போதும், மின்கலத் தொல்லையும் இல்லை. இந்த நேர்மை சிக்கல் இலக்குக்குள்ளேயே இருப்பதுதான் எனக்கு அதைப் பிடிக்கக் காரணம். தொழில்நுட்பம் வேண்டாம் என்ற முடிவுக்குக்கூட அது நம்மைக் கொண்டுபோகும். மற்ற நான்கு வழிகளும் கருவி வேண்டும் என்ற முடிவிலிருந்துதான் தொடங்குகின்றன.

அளப்பதிலும் ஓர் எச்சரிக்கை. ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006-இல் செய்த சோதனையில், பகுதியை மறுபடி படித்தவர்களும் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. பாடம் முடிந்த கையோடு அளந்தால் தவறான முறையே வென்றதாகத் தெரியும் என்பது இதன் பொருள். ஆகவே இலக்கில் எண் வைத்தால், எத்தனை நாள் கழித்து எண்ணுவீர்கள் என்பதையும் வையுங்கள். நான் இரண்டு வாரம் வைக்கிறேன், எண்களை மட்டும் மாற்றிய அதே அமைப்புக் கேள்வியோடு.

இலக்கை எழுதியதோடு விட்டால் மறந்துபோகும். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று நேரம், இடம், செயல் மூன்றையும் முன்கூட்டியே கட்டிவைத்தவர்கள் எண்ணத்தைச் செயலாக்குவதில் முந்துகிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். "புதன்கிழமை மூன்றாம் பாடவேளை மணி அடித்ததும், வருகைப் பதிவு எடுப்பதற்கு முன், ஒரு கேள்வி." இணையம் இல்லையா? "இணையம் வரவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டேன், விடையைச் சிலேட்டில் எழுதித் தூக்கச் சொல்வேன்." இந்த இரண்டாம் வரி இல்லாத தொழில்நுட்ப இலக்கு முதல் கோளாறிலேயே படுத்துவிடும்.

மாணவர் கையில் கொடுப்பது

எழுவாயாக மாணவரே முழுமையாக வருவது இந்த வழியில்தான். "மாணவர்கள் ஒரு கருத்தை விளக்கித் தாங்களே பதிவு செய்வார்கள்." பியோரெல்லா, மேயர் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு ஆதரவு. கற்பிக்கப் போகிறோம் என்று தயாரித்தவர்களைவிட, உண்மையிலேயே கேமரா முன் நின்று விளக்கியவர்களுக்குப் பாடம் நீண்ட நாள் நின்றது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், முதல் பாடவேளை பின்னணி இசை தேர்வதிலும், இரண்டாவது எழுத்துருவின் நிறத்திலும் போய்விடும். குழுவில் கருவி நன்றாகக் கையாளத் தெரிந்தவர் முழு வேலையையும் செய்வார். விளக்கத் தெரியாதவர் தெரியாமலேயே இருப்பார். வீட்டில் கைபேசி இல்லாதவர் வெட்கத்தோடு யார் முகத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் கருவி இருந்தால்தான் முடியும் என்கிற எந்த இலக்கையும் நான் எழுதுவதில்லை. இதைக் கையாள எனக்குத் தெரிந்த ஒரே வழி: காணொளி வேண்டாம், குரல் பதிவு போதும், விளக்கத்தை முதலில் தாளில் எழுதி என்னிடம் காட்டியாக வேண்டும், பதிவுக்குக் கடைசி இருபது நிமிடம் மட்டும், பள்ளியில் இருக்கும் கருவியில் மட்டும். இப்படிச் செய்தால் பருவத்துக்கு ஒரு முறைக்கு மேல் நடத்த நேரம் வராது. ஆண்டு முழுமைக்குமான இலக்காக இதை எடுப்பவர் வகுப்பை அமைதியாக வைத்திருப்பதில் கெட்டிக்காரராகவும், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் குறைவாக உள்ளவராகவும் இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை.

யாருக்கு எது

கருவியைத் தொடவே தயங்குபவர் முதல் பருவத்தில் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்ளட்டும். இரவு பதினொரு மணிக்கும் திருத்திக்கொண்டிருப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நேர இலக்குதான், அதுவும் இன்னொருவரோடு சேர்ந்து. பயிற்சியாளராகவோ துறைத் தலைவராகவோ பலரின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டிய பொறுப்பில் இருப்பவருக்குச் சட்டகம் பயன்படும். பொதுமொழி ஒன்று வேண்டும் அல்லவா. மற்ற எல்லோருக்கும் ஒரு சிக்கல், ஒரு பருவம், ஒரு கருவி. இரண்டு சிக்கல் எடுத்த ஆண்டில் இரண்டையும் பாதியில் விட்டேன்.

மேலிடத்திலிருந்து "இந்தச் செயலியை எல்லோரும் பயன்படுத்த வேண்டும்" என்று வந்துவிட்டால்? தேர்வு நம் கையில் இல்லை, வாக்கியம் இன்னும் நம் கையில்தான். கட்டாயமாக்கிய செயலியைக் கருவியாக வைத்து நம் சிக்கலை எழுவாயாக்கிவிடலாம். படிவத்தைப் படிப்பவர் செயலியின் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இந்தப் பருவத்துக்கு என் கட்டத்தில் எழுதியிருப்பது இதுதான்: "தசம எண்களை ஒப்பிடும்போது இலக்க நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மாணவர்கள், பத்து வாரங்களில், வாரம் ஒரு கேள்வியை அட்டைமுறையில் சந்தித்து, சக மாணவரோடு பேசித் திருத்திக்கொண்டு, அதற்கு இரண்டு வாரம் கழித்து வரும் புதுக் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்குப் பேராவது சரியான காரணத்தோடு விடை எழுதுவார்கள்." கட்டம் சின்னது, கடைசி வரி ஓரத்தில் இறங்கி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. அட்டைகளை அச்சிட்டு எண் போட்டு வைத்தாயிற்று. நான்காம் வாரம் எண்ணிப் பார்ப்பேன். அசைவில்லை என்றால் முதலில் மாற்றப் போவது கேள்வியை.